புரோநோட்டின் பின்பக்கம்

சூடாமணி அக்காவும் நானும் பதினொரு வருஷம் ஒரே கடையில் வேலை பார்த்தோம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் இருந்த கூட்டுறவு ஸ்டோர் அது. நான் சோப்பும் எண்ணெயும் விற்கிற பக்கம். அக்கா கேஷில், கம்பி வலை போட்ட கூண்டுக்குள்ளே. பில்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் ஒரு காசு வாங்கமாட்டாள். அதனால் எங்களில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் பயம். எனக்கு மட்டும் அவளைப் பிடிக்கும். நான் நாகர்கோவிலில் இருந்து வந்த புதிதில் எனக்கு மலையாளத்தில் பில் எழுத வராது. யாருக்கும் தெரியாமல் அவள்தான் என் பில்லையெல்லாம் திருத்திக் கொடுத்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஓணம் கழிந்த வாரம் அவளுக்கு ஒரு தபால் வந்தது. ஸ்டோர் விலாசத்துக்கே வந்திருந்தது. படித்துவிட்டு மடித்து மேஜைக்குள் வைத்தாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அக்கா?"

"எங்க அப்பா கடன் வாங்கியிருக்காராம் ஜெயபாய். அறுபத்திநாலுல. அஞ்ஞூறு ரூபா. இப்ப வட்டியோட ஆயிரத்து முந்நூத்தி நாப்பது கட்டணுமாம். ஏழு நாளைக்குள்ள."

அவள் அப்பா கோமதிநாயகம் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியில் தராசு பிடித்தவர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அக்காவுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவள் அம்மா செத்துப்போனாள். யாரிடமும் கைநீட்டாத மனிதர் என்று அப்பாவைப் பற்றி அக்கா எப்போதும் சொல்வாள். அதில்தான் அவளுக்கு அத்தனை பெருமை.

"பொய்யா இருக்கும்," என்றேன்.

"பொய்யோ நெசமோ, கடன் பத்திரத்தைப் பார்க்காம நான் எப்படிச் சொல்லுவேன்? வவுச்சர் இல்லாம பைசா வெளிய போகாது."

அன்றைக்குச் சாயங்காலமே எழுதினாள். அனுப்பியிருந்தது ஒரு வசூல் ஆபீஸ். மூடிப்போன கம்பெனிகளின் பழைய பாக்கிக் கணக்குகளைக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கி, ஆட்களைத் தேடிப் பிடித்துக் காசு கேட்பது அவர்கள் தொழில். என் அப்பா கையெழுத்துப் போட்ட அசல் பத்திரம் எங்கே, யாரிடம் வாங்கிய கடன், அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு எப்படி வந்தது, இதுவரை ஏதாவது கட்டியிருக்கிறதா என்று நான்கு கேள்வி. உருண்டையான மலையாள எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பதில் வந்தது. அதில் நான்கு கேள்விக்கும் பதில் இல்லை. கட்டாவிட்டால் நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்குத் தெரிவிப்போம் என்று மட்டும் இருந்தது.

அக்கா அதைக் கூண்டுக்கு வெளியே நீட்டி என்னையும் படிக்கச் சொன்னாள். கேஷில் உட்கார்ந்திருப்பவள் பேரில் கடன் புகார் வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் கூண்டுச் சாவியை வாங்கிவிடுவார்கள்.

"கட்டிரலாமா அக்கா? நான் சங்கத்துல லோன் போட்டுத் தரேன்."

"எதுக்கு? பயந்து கட்டினா அப்பா கடன்காரர்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும்."

இரண்டாவது கடிதத்தை ரிஜிஸ்தரில் அனுப்பினாள். அதே நான்கு கேள்வி. கூடவே ஒரு வரி: வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டாம், இந்தக் கடிதத்தின் நகலை நானே மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். உண்மையிலேயே கொடுத்திருந்தாள். எங்கள் மேனேஜர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தாராம். சாவியைக் கேட்கவில்லை. அன்று கூண்டுக்குத் திரும்பி வந்தவள் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

பதினைந்து நாள் கழித்து டைப் அடித்த ஒரு நகல் வந்தது. புரோநோட்டு. ஐந்நூறு ரூபாய், நூற்றுக்கு வருஷம் பன்னிரண்டு வட்டி, கடன் வாங்கியவர் கோமதிநாயகம், தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலு ஜூன் பதினெட்டு.

அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஜூன் இருபத்திரண்டு நான் இங்க சேர்ந்தேன்," என்றாள் மெதுவாக.

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. கேஷில் உட்கார்கிறவர்கள் சேரும்போது ஐந்நூறு ரூபாய் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். அப்போது அது பெரிய காசு. "சீட்டு விழுந்துருக்கு மோளே, நீ கட்டு" என்று அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். புது நோட்டாக இருந்ததாம்.

"சீட்டுன்னுதானே சொன்னாரு," என்றாள் அக்கா. அன்று முழுவதும் கேஷில் ஒரு தப்பும் வரவில்லை, ஆனால் யார் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படி இல்லை. "இது நகல். எனக்கு அசல் வேணும். அப்பா கையெழுத்தை என் கண்ணால பார்க்கணும்," என்றாள். அரை நாள் லீவு எழுதிப் போட்டாள். தனியாகப் போகவேண்டாம் என்று நானும் போட்டேன்.

வசூல் ஆபீஸ் புத்தன்சந்தைப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. படிக்கட்டு இருட்டாக, ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய அகலத்தில். மேலே மேனேஜர் ஒரு இளவயதுக்காரர், சென்ட் வாசனையுடன். "ஒரிஜினல் எல்லாருக்கும் காட்டுறது இல்லையம்மா. காசு கட்டுங்க, கையில தரோம்," என்றார்.

"பார்க்காம கட்டமாட்டேன். சாயங்காலம் வரைக்கும் லீவு எடுத்திருக்கேன். இங்கேயே உக்காந்திருக்கேன்."

சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில். முக்கால் மணி நேரம் போயிருக்கும். மேனேஜர் டீ குடிக்கக் கீழே போனார். மூலையில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த ஒரு வயதான குமாஸ்தா எழுந்தார். மேனேஜர் அவரை வேலாயுதன் என்று கூப்பிட்டதைக் கேட்டிருந்தோம். பாறசாலைக்காரராக இருக்கவேண்டும், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார்.

"சேச்சி கோமதிநாயகம் பிள்ளையோட மகளா?"

"ஆமா."

அவர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு பத்திரக் கட்டை எடுத்தார். ஆறேழு நோட்டுகளைத் தள்ளி ஒன்றை உருவி, அக்காவின் மடியில் வைத்தார்.

ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கோமதிநாயகம் என்று சாய்ந்த எழுத்தில் கையெழுத்து. கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் ஸ்டாம்பைத் தாண்டி வெளியே நின்றது. அக்கா விரலை அதன்மேல் வைக்கவில்லை. ஒரு விரலிடை தள்ளி வைத்துக்கொண்டாள்.

"அப்பாவோடதுதான்," என்றாள். அப்புறம் பழக்கதோஷத்தில் நோட்டைத் திருப்பினாள்.

பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு தொகை. ஐந்து ரூபாய், ஐந்து ரூபாய், மூன்று ரூபாய், ஐந்து ரூபாய். இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டி அதிலும் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நீல மையில் ஒரு கைநாட்டு. பக்கத்தில் "கட்டிய வகை மாடம்மாள்".

முதல் தேதி அறுபத்தாறு செப்டம்பர்.

அக்காவின் உதடு அசைந்தது. கூட்டிக்கொண்டிருந்தாள். "அம்பத்தொரு தடவை," என்றாள். "இருநூத்தி நாப்பத்தொண்ணு."

"மாடம்மாள் யாரு அக்கா?" என்று கேட்டேன்.

அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் அப்பா இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டினார் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும், பேர் தெரியாது. அதன் முழுக்கதையையும் அன்று திரும்பி வரும்போது அவளே சொன்னாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்திரண்டில் கோமதிநாயகம் பணகுடிப் பக்கத்திலிருந்து மாடம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தார். அக்காவுக்குப் பதினெட்டு வயது, வந்தவளுக்கு முப்பது. அக்காவால் தாங்க முடியவில்லை. சண்டை போடவில்லை, பேசவே இல்லை. அப்பாவுக்கும் தனக்கும் மட்டும் தனி அடுப்பில் சமைத்தாள். நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் மாடம்மாள் வைத்த சோற்றில் ஒரு பருக்கை தொட்டதில்லை. அவளைக் கூப்பிடவேண்டி வந்தால் வளையலைச் சுவரில் தட்டுவாளாம்.

அறுபத்தாறு ஆடியில் அப்பா மஞ்சள்காமாலையில் போனார். பதினாறு கழிந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு, "இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டாள் அக்கா. அந்த வீட்டில் அவள் மாடம்மாளிடம் பேசிய முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அதுதான். மறுநாள் காலை மாடம்மாள் இல்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தேடவில்லை.

வசூல் ஆபீஸில் வேலாயுதன் தொடர்ந்து சொன்னார். அவர் முன்பு அந்தப் பழைய கடன் கம்பெனியில் இருந்தவர். கம்பெனி மூடி, புத்தகங்கள் இங்கே வந்தபோது அவரும் கூடவே வந்துவிட்டார்.

"அப்பா மரிச்சதும் முதலாளி ஸ்டோருக்கு ஆள் அனுப்பணும்னு பறஞ்சார். அன்னைக்கு அந்த அம்மா வந்தாங்க. கையில ஒரு தூக்குப் பாத்திரம். மககிட்ட போகாதீங்க, காசுப் பெட்டியில உக்காருற பிள்ளை, கடன்னு தெரிஞ்சா வேலை போயிரும், நான் தாரேன்னாங்க. மாசாமாசம் வந்தாங்க. ஒரு தடவை மூணு ரூபாதான் இருந்தது, அழுதுட்டாங்க. எழுபத்தொண்ணுல கம்பெனி பூட்டியாச்சு. பின்னயும் ரெண்டு மாசம் வந்து பூட்டைப் பார்த்து நின்னிட்டுப் போனாங்களாம், பக்கத்து டீக்கடைக்காரன் சொன்னான்."

அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலாயுதன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. கடைசியா காசு கட்டி மூணு வருஷம் எப்பவோ கழிஞ்சு போச்சு. இதை வச்சு கோர்ட்டுக்குப் போக முடியாது. மேனேஜருக்கும் அது தெரியும். அதுதான் பின்பக்கத்தை டைப் அடிக்கல. நீங்க ஒண்ணும் கட்டவேண்டாம்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா. கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"விழிஞ்ஞம்னு பறஞ்சாங்க அப்போ. ஹார்பர்ல கல்லு போடுற வேலைக்காரங்களுக்குச் சோறு வைக்கிறதா. இப்போ இருக்காங்களான்னு அறியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞம் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். "போயி என்ன சொல்லுவேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

துறைமுக வேலை நடக்கிற இடத்தில் தமிழ் பேசுகிற ஆட்கள்தான் அதிகம். மாடம்மாள் என்று கேட்டதும் ஒருவன், "சாப்பாட்டு அம்மாவா?" என்று கையைக் காட்டினான். பாறைக் குவியலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வாசலில் ஒரு அம்மாள் குந்தி உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஒல்லியான தேகம், முன்பக்கம் நரைத்த தலை. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். கை இரண்டையும் சேலையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சூடாமணியா? என்னம்மா இப்படி எளைச்சுப் போயிட்ட?" பிறகு முகம் மாறியது. "அவனுக அங்க வந்தானுகளா? வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"வேலை இருக்கு அம்மா, ஒண்ணும் ஆகல," என்று நான்தான் சொன்னேன்.

"அப்பா எழுதிக் கொடுத்த நோட்டைப் பார்த்தேன்," என்றாள் அக்கா கடைசியில். "பின்பக்கமும் பார்த்தேன்."

மாடம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. ஏதோ தப்புப் பண்ணி அகப்பட்டவள் மாதிரி தரையைப் பார்த்தாள். "முழுசும் கட்ட முடியலம்மா. கடையைப் பூட்டிட்டுப் போயிட்டானுக. யார்ட்ட குடுக்கன்னு தெரியல. அவுக எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தாக. பிள்ளைக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா வேலைக்குப் போகமாட்டான்னு."

"நான் உங்களைப் போகச் சொன்னேனே."

"சொன்ன."

"அப்புறம் எதுக்குக் கட்டினீங்க?"

"அப்ப உனக்கு இருபத்திரண்டு வயசு. அப்பனும் போயாச்சு. அந்த வேலையும் போயிருந்தா நீ எங்க போயி நிப்ப?" மாடம்மாள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நான்னா எங்கயும் சோறு பொங்கிப் பிழைச்சுக்குவேன்."

அக்கா அங்கேயே, மணலில், உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள், கையை முகத்தில் வைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து. "சித்தி," என்றாள். அந்த வார்த்தையை அவள் நாக்கு அதற்கு முன்னால் சொன்னதில்லை, எனக்குக் கேட்டபோதே அது தெரிந்தது.

மாடம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் வந்தாள். மீன் கையால் தொடக்கூடாது என்று தயங்கினாள். முழங்கையால் அக்காவின் தோளை இடித்தாள். "எந்திரி. எந்திரிம்மா. எல்லாரும் பார்க்கான். சாப்ட்டியா?"

"இல்ல."

"ரெண்டு பேரும் உக்காருங்க."

எனக்கும் அக்காவுக்கும் அலுமினியத் தட்டில் சோறும் மீன்குழம்பும் வைத்தாள். அக்கா மீன் சாப்பிடுகிறவள் இல்லை. கோமதிநாயகத்தின் வீட்டில் மரக்கறி மட்டும்தான். மாடம்மாளுக்கு அது தெரியும், சட்டென்று நினைவு வந்து, "ஐயய்யோ, உனக்கு ரசம் இருக்கு, இரு," என்று தட்டை இழுத்தாள். அக்கா தட்டை விடவில்லை. குழம்பு ஊற்றிய பக்கத்திலிருந்தே பிசைந்து சாப்பிட்டாள். மீன் துண்டை மட்டும் என் தட்டில் போட்டாள். மாடம்மாள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரம் கூடுதலா?"

"கூடுதல்தான்."

"கல்லு தூக்குற பயலுகளுக்கு வைக்கது. உனக்கு இனிமே குறைச்சு வைக்கேன்."

கடன் விஷயம் எப்படி முடிந்தது என்றும் சொல்லவேண்டும். கட்டவேண்டியதில்லை என்று வேலாயுதன் சொன்னதை அக்கா மாடம்மாளிடம் சொன்னாள். மாடம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக பேர்ல பாக்கி நிக்கவேண்டாம். வட்டி குடுக்காத, அது அநியாய வட்டி. வாங்கினது எவ்வளவோ அதைக் குடுத்துரு." மிச்சம் இருநூற்று ஐம்பத்தொன்பது. அக்கா வசூல் ஆபீஸ் மேனேஜர் முன்னால் போய் நின்று, இதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன், நோட்டை ரத்து செய்து கையில் கொடுத்தால் இப்போதே தருகிறேன் என்றாள். கோர்ட்டுக்குப் போய் வாங்க முடியாத காசு என்று தெரிந்ததால் அவர் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். ரசீதில் "முழுவதும் தீர்ந்தது" என்று எழுதாமல் விட்டிருந்தார். அக்கா திருப்பிக் கொடுத்து எழுத வைத்தாள்.

தன்னோடு வந்து இருக்கும்படி சித்தியைக் கூப்பிட்டாள். மாடம்மாள் வரவில்லை. "இருபது பேரு என் சோத்தை நம்பி இருக்கான். விட்டுட்டு எப்படி வருவேன்?" அதனால் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனாள். முதலில் பெரியவர்கள் வீட்டுக்குப் போகிற மாதிரி பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு வெறுங்கையோடு போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். திங்கட்கிழமை கேஷ் கூண்டிலிருந்து லேசாக வெங்காய வாசனை வரும். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

எண்பத்தொன்றில் மாடம்மாளுக்கு மூட்டுவலி வந்து குந்தி உட்கார முடியாமல் போனது. அதன் பிறகுதான் கொட்டகையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு அக்காவோடு வந்தாள். அக்கா அப்போது ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்கார லலிதாம்பாள் மாமி கொஞ்சம் கறார். "புதுசா யாராவது வந்து தங்கறதா இருந்தா முன்னாடியே சொல்லணும்னு பேச்சு இல்லையோ? யாரு இவா?" என்று கேட்டாளாம்.

"எங்க வீட்டு மனுஷிதான் மாமி. கொஞ்ச நாளா வெளியூர்ல இருந்தாங்க," என்று அக்கா சொன்னாளாம்.

மாமி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பின்கட்டில் மீன் வாசனை வரக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டாள். மாடம்மாளுக்கு அது பெரிய துக்கம். அதனால் மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வருவாள். நெத்திலி வாங்கி வைத்திருப்பேன். தின்றுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவிவிட்டுக் கிளம்புவாள்.

எண்பத்தைந்தில் என் மகளுக்கு நாகர்கோவில் சர்ச்சில் முதல் நன்மை கொடுத்தார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தேன். களியக்காவிளை தாண்டியதும் மாடம்மாளுக்குப் பஸ்ஸில் தலை சுற்றி வாந்தி வந்தது. அக்கா அவள் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கி ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டாள். தன் பட்டுச்சேலை முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நல்ல சேலையப் போயி ஏன்ட்டி நாசம் பண்ணுத?" என்று மாடம்மாள் அந்த நிலைமையிலும் அதட்டினாள். "டிரைவர்ட்ட சொல்லு, மெள்ளப் போகச் சொல்லு. மாட்டு வண்டி ஓட்டத் தெரியாதவன் எல்லாம் பஸ் ஓட்ட வந்துட்டான்."

"சரி சித்தி, நீங்க கண்ணை மூடுங்க," என்றாள் அக்கா.

மாடம்மாள் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மார்த்தாண்டம் வந்தபோது தூங்கிப்போயிருந்தாள். தோள் வலித்தாலும் நாகர்கோவில் போய்ச் சேருகிறவரை அக்கா அசையவே இல்லை.